08/05 எந்த மாதம்? புறக்கோட்டைக் கடையொன்றின் தரவுத்தளத்தில் புரண்ட திகதிகளைச் சரிசெய்த பதிவு

இடம் கொழும்பு 11, புறக்கோட்டை. துணி மொத்த வியாபாரம். மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸில் எழுதிய கணக்கு முறைமை. தரவுக் கோப்பு ஒரு கணினியின் பகிர்வுக் கோப்புறையில் இருக்கிறது, நான்கு கணினிகள் அதைத் திறந்து வேலை செய்கின்றன. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அக்கரைப்பற்று வியாபாரிகள் கடனுக்குச் சரக்கெடுத்துப் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துவிட்டுப் போவார்கள். காலையில் 'இன்று வங்கியில் போடும் காசோலைகள்' என்ற பட்டியலை அச்சிட்டு, அதன்படி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்புவது வழக்கம். அந்தப் பட்டியலில் சில காசோலைகள் உரிய நாளில் வரவில்லை. வேறு சில, மாதக்கணக்கில் முன்னரே வந்து நின்றன. திகதி வராத காசோலையை வங்கியில் போட்டால் திரும்பி வரும், கொடுத்தவருடன் உறவும் கெடும். அதனால் இது வெறும் அச்சுக்கோலப் பிரச்சினை அல்ல.

ஒரு காசோலையை எடுத்துப் பார்ப்போம். பில் 2025 மார்ச் 24, தவணை 45 நாள், காசோலையில் எழுதியிருப்பது 08/05/2025, அதாவது மே 8. தரவுத்தளத்தில் இருப்பதோ ஓகஸ்ட் 5. திரையில் தெரிவதை நம்பாமல், உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அக்சஸ் திகதியை எண்ணாகவே வைத்திருக்கிறது: 1899 டிசம்பர் 30 பூச்சியம், அங்கிருந்து நாளுக்கு ஒன்று கூடும், நேரம் தசமப் பகுதியில் இருக்கும். ஒரு குவெரியில் (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளையில்) அந்தத் திகதிப் புலத்தை 'சிடிபிள்' சார்பினால் எண்ணாக மாற்றிப் போட்டால், மே 8 ஆக இருந்தால் 45785 வரும், ஓகஸ்ட் 5 ஆக இருந்தால் 45874 வரும். இங்கே வந்தது 45874. ஆகவே காட்டுவதில் பிழையில்லை, பதிந்ததிலேயே பிழை. இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் குறைக்கும். எண் சரியாக இருந்து திரை மட்டும் மாறித் தெரிந்தால், தரவில் கையே வைக்கக் கூடாது.

பிழை எங்கே நுழைந்தது

மூன்று வாசல்கள். மூன்றும் ஒரே விதமான சேதத்தைத் தருவதால், ஒன்றை அடைத்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது.

முதல் வாசல், வின்டோஸின் பிராந்திய அமைப்பு. புதிதாக வாங்கி வைத்த கணினியில் வின்டோஸ் 'ஆங்கிலம் (ஐக்கிய அமெரிக்கா)' என்றே விடப்பட்டிருந்தது. மற்ற மூன்றிலும் 'ஆங்கிலம் (ஐக்கிய இராச்சியம்)'. அக்சஸ் படிவத்தின் திகதிப் பெட்டியில் தட்டுவதை அந்தந்தக் கணினியின் குறுந்திகதி ஒழுங்குப்படிதான் அக்சஸ் படிக்கும். 08/05 என்று தட்டினால் மூன்று கணினிகளில் மே 8, நான்காவதில் ஓகஸ்ட் 5. 13/05 என்று தட்டினால் 13ஆம் மாதம் இல்லையே என்று பிழை காட்ட வேண்டும், காட்டாது. சத்தமில்லாமல் நாளையும் மாதத்தையும் இடம்மாற்றி மே 13 என்று சரியாகவே பதியும். இந்த இரக்கம்தான் முழுச் சிக்கலுக்கும் வேர். மாதத்தின் 13ஆம் நாளிலிருந்து 31 வரை எல்லாம் சரியாக நடக்கும், 1 முதல் 12 வரை புரளும். 20ஆம் திகதி சோதித்துப் பார்த்தவர் 'நல்லாத்தான் வேலை செய்யுது' என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆண்டுக்கு எத்தனை நாள் இப்படிப் புரளக்கூடும்? 12 மாதம், ஒவ்வொன்றிலும் முதல் 12 நாள், மொத்தம் 144. அதில் 1/1, 2/2 என்று இரண்டு எண்ணும் ஒன்றாக வரும் 12 நாட்களைக் கழித்தால் 132. மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

குறுந்திகதி அமைப்பு கணினிக்கு உரியதல்ல, பயனர் கணக்குக்கு உரியது. ஒரே கணினியில் காசாளர் கணக்கில் சரியாகவும் கணக்காளர் கணக்கில் அமெரிக்க ஒழுங்கிலும் இருக்கலாம். ஆகவே கணினி கணினியாக அல்ல, லொகின் லொகினாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாசல் நிரலுக்குள் இருந்தது. தேடல் படிவத்தில் பயனர் தந்த திகதியை எழுத்தாக எடுத்து, இரு பக்கமும் # குறியிட்டு, தரவுத்தளக் கட்டளை மொழியான எஸ்.க்யூ.எல். வாக்கியத்தில் ஒட்டியிருந்தார்கள். # குறிகளுக்குள் இருக்கும் திகதியை அக்சஸின் எஸ்.க்யூ.எல். இயந்திரம் பிராந்திய அமைப்பைப் பார்த்துப் படிப்பதில்லை. எந்த நாட்டுக் கணினியாக இருந்தாலும் மாதம்/நாள்/ஆண்டு என்றே படிக்கும், ஆண்டு முன்னால் வந்தால் ஆண்டு-மாதம்-நாள் என்று படிக்கும். அப்படியென்றால் பிராந்திய அமைப்பு சரியாக உள்ள மூன்று கணினிகளில்தான் இந்தத் தேடல் பிழையாக இயங்கும். அமெரிக்க அமைப்புள்ள நான்காவது கணினியில் தேடல் சரி, பதிவு பிழை. ஒரே காசோலை ஒரு மேசையில் கிடைப்பதும் மறு மேசையில் கிடைக்காததும் இதனால்தான்.

குவெரி வடிவமைப்புக் கட்டத்தில் கையால் எழுதும் திகதிக்கு மட்டும் பிராந்திய அமைப்பு செல்லும். எஸ்.க்யூ.எல். காட்சிக்கு மாறினால் அது அமெரிக்க ஒழுங்குக்குத் திரும்பித் தெரியும். அதைப் பார்த்துப் பதறி 'திருத்த' வேண்டாம்.

மூன்றாவது, எக்செல் வழியாக வந்த சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எழுத்து) கோப்புகள். வங்கிக் கூற்றையும் வெளியூர் விற்பனையாளர் அனுப்பும் பட்டியலையும் இரட்டைக் கிளிக்கில் எக்செலில் திறந்து, சேமித்து, அக்சஸுக்குள் இறக்கியிருக்கிறார்கள். அமெரிக்க அமைப்பில் திறக்கும்போது எக்செல், அக்சஸைப் போல 13/05/2025ஐ மாற்றி எடுத்துக்கொள்ளாது. அதை எழுத்தாகவே விட்டுவிடும், கலத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 08/05/2025ஐ ஓகஸ்ட் 5 என்று திகதியாக்கி வலப்பக்கம் நிறுத்தும். பார்ப்பவர் இடப்பக்கம் நிற்பவற்றைப் பிழை என்று எண்ணி ஒவ்வொன்றாகத் திருத்துகிறார். உண்மையில் இடப்பக்கம் நிற்பவை சேதப்படாதவை, வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் புரண்டவை. எக்செலில் திகதி நெடுவரிசை பாதி இடமும் பாதி வலமுமாகத் தெரிந்தால், அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

திருத்தும் முன்

எல்லோரையும் வெளியேற்றித் தரவுக் கோப்பை நகலெடுத்து, நகலை வாசிக்க மட்டும் என்று பூட்டி வைக்கவும். பிறகு ஒவ்வொரு லொகினிலும் கொன்ட்ரோல் பனலில் 'ரீஜன்' பகுதியைத் திறந்து குறுந்திகதி எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதவும். அமைப்பை மாற்றுவதற்கு முன்பே எழுத வேண்டும். எந்த மேசையிலிருந்து வந்த பதிவுகள் சந்தேகத்துக்குரியவை என்று பின்னால் சொல்லப்போவது அந்தத் தாள்தான்.

பழுதான அட்டவணையில் மூன்று புதிய புலங்கள் சேர்க்கவும்: பழைய திகதி, திருத்திய நிலை, காரணம். பழைய திகதிப் புலத்துக்கு இருப்பதை அப்படியே நகலெடுத்தபின் அதைத் தொடவே கூடாது. இது சம்பிரதாயத்துக்காக அல்ல. நாளையும் மாதத்தையும் இடம்மாற்றும் குவெரியை இரண்டாவது முறை ஓட்டினால், திருத்தியதெல்லாம் பழையபடி புரண்டுவிடும். முதல் ஓட்டத்தில் எவை மாறின என்ற குறிப்பு இல்லாவிட்டால், பாதியில் மின்சாரம் போனாலே எது திருந்தியது, எது திருந்தாதது என்று தெரியாமல் போகும். 'திருத்திய நிலை' காலியாக உள்ளதை மட்டும் எடு, மாற்று, அதே குவெரியில் நிலையையும் குறி. இந்த மூன்றும் ஒரே அடியில் நடக்க வேண்டும்.

இடம்மாற்றும் கணக்கு எளிது: டேட்சீரியல் சார்புக்கு ஆண்டு, பிறகு மாதத்தின் இடத்தில் பழைய நாள், நாளின் இடத்தில் பழைய மாதம். நிபந்தனை, பழைய நாள் 12க்கு மேற்படாததும் மாதத்துக்குச் சமமில்லாததும். நாள் 12க்கு மேலிருக்கும் பதிவில் டேட்சீரியலை ஓட்டினால் அது பிழை சொல்லாது, 13ஆம் மாதத்தை அடுத்த ஆண்டு ஜனவரியாக்கிக் கொடுத்துவிடும். புலத்தில் நேரமும் இருந்தால் டேட்சீரியல் அதை உதிர்த்துவிடும். டைம்வெல்யூவால் நேரத்தைத் தனியே எடுத்துக் கூட்ட வேண்டும்.

எவை புரண்டவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது

வேலையின் கனமான பகுதி இதுதான். 12க்கு உட்பட்ட திகதி எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. அவற்றில் பெரும்பகுதி சரியான கணினிகளில் பதிந்தவை. ஒவ்வொரு பதிவுக்கும் சாட்சி வேண்டும்.

பில் திகதிக்குச் சிறந்த சாட்சி பில் இலக்கம். தொடரிலக்கம் ஏறிக்கொண்டே போகும், திகதியும் அதனுடன் ஏற வேண்டும். 18240 ஜூலை 8, 18242 ஜூலை 9, நடுவில் 18241 மட்டும் 2025 செப்டம்பர் 7 என்றால், அதை மாற்றிப் போட்டு ஜூலை 9 வருகிறதா என்று பார்க்கவும். வருகிறது. அக்கம்பக்கத்து இரண்டு திகதிகளுக்கிடையில் மாற்றிய திகதி சரியாகப் பொருந்தி, மாற்றாதது பொருந்தாவிட்டால், அந்தப் பதிவைத் தயங்காமல் திருத்தலாம். ஒரு எச்சரிக்கை: அக்கம்பக்கத்துப் பதிவும் அதே கணினியில் பதிந்திருந்தால் அதுவும் புரண்டிருக்கும். ஆகவே ஒப்பிடும் எல்லையாக நாள் 13க்கு மேற்பட்ட பதிவுகளையே முதலில் எடுக்கவும், அவை புரண்டிருக்க முடியாது. முன்னே 13க்கு மேற்பட்ட ஒன்று, பின்னே 13க்கு மேற்பட்ட ஒன்று, இரண்டுக்கும் நடுவில் உள்ளவையெல்லாம் அந்த எல்லைக்குள் விழ வேண்டும்.

அடுத்த சாட்சி கடை பூட்டியிருந்த நாட்கள். 2025 செப்டம்பர் 7 ஞாயிறு, அத்துடன் பினர போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. அன்று பில் போட்டிருக்க வாய்ப்பில்லை. பெப்ரவரி 4 சுதந்திர தினத்தில் ஒரு பில் நின்றால் அது ஏப்ரல் 2இன் பில்லாக இருக்கலாம். மே 1இல் நின்றால் ஜனவரி 5. 2025 மே 12 வெசாக், அதில் நிற்பது டிசம்பர் 5 ஆகலாம். போயா நாட்களை ஒரு சிறு அட்டவணையாக ஆண்டுவாரியாகத் தட்டி வைத்து இணைத்துப் பார்த்தால் போதும். ஆனால் இதை ஒற்றைச் சாட்சியாக நம்பக் கூடாது. 2025இல் பொசன் ஜூன் 10, வப் போயா ஒக்டோபர் 6. ஒன்றை மாற்றினால் மற்றது வரும், இரண்டும் விடுமுறை. அங்கே இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

பதிவு நேரம் என்ற புலம் இருந்து, அதன் இயல்பு மதிப்பு 'நவ்' சார்பாக அட்டவணையிலேயே அமைந்திருந்தால், அது பொன்னுக்குச் சமம். அது எழுத்தாக மாறாமல் மதிப்பாகவே உள்ளே போவதால் எந்த அமைப்பிலும் புரளாது. நிரலில் # குறிக்குள் ஒட்டி எழுதியிருந்தால் மட்டும் அதுவும் புரளும், அதைச் சோதித்த பிறகே நம்பவும்.

காசோலைத் திகதிக்குத் தொடரிலக்கம் உதவாது. ஒருவர் ஒரே நாளில் மூன்று தவணைக்கு மூன்று காசோலை கொடுப்பார். அங்கே தவணைதான் சாட்சி. மார்ச் 24இலிருந்து 45 நாள் மே 8. பதிந்திருக்கும் ஓகஸ்ட் 5 ஆனால் 134 நாள். 30, 45, 60 என்ற வழக்கமான தவணைக்கு ஓரிரு நாள் முன்பின்னாக எந்தத் திகதி பொருந்துகிறதோ அதுவே சரி. இரண்டும் பொருந்தாதவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, பெட்டியில் உள்ள காசோலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், வங்கியில் போட்டாகிவிட்டால் வங்கிக் கூற்றைப் பார்க்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஊகித்து மாற்றிய ஒரு காசோலை, கண்டுபிடிக்காமல் விட்ட ஒன்றைவிடக் கெடுதி, ஏனெனில் அதற்குப் பக்கத்தில் 'திருத்தியது' என்று எழுதியிருக்கும்.

பிறந்த திகதியும் அடையாள அட்டையும்

கடன் வாடிக்கையாளர் அட்டவணையில் பிறந்த திகதியும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் இருந்தன. பிறந்த திகதிக்கு இதைவிட நல்ல சாட்சி இலங்கையில் வேறில்லை, இலக்கத்துக்குள்ளேயே திகதி இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்: முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கு ஆண்டு, அடுத்த மூன்று நாள். பெண்களுக்கு அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும்.

08/05/1985 என்று பிறந்தவரை எடுப்போம். மே 8 என்றால் நாளெண் 129, ஓகஸ்ட் 5 என்றால் 218. பெண் என்றால் 629 அல்லது 718. அட்டையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஆனால் இதைக் குவெரியாக எழுதும் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. அடையாள அட்டையின் நாளெண், எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று எண்ணியே வரும். 1985 நெட்டாண்டு அல்ல, உண்மையான கணக்கில் மே 8 அந்த ஆண்டின் 128ஆம் நாள். தரவுத்தளத்தின் 'ஆண்டின் நாள்' சார்பைப் போட்டு ஒப்பிட்டால், நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் மார்ச் 1 முதல் பிறந்த அனைவரும் ஒரு நாள் வித்தியாசத்தில் பிழை என்று வந்து குவிவார்கள். அதைப் பார்த்து அடையாள அட்டை முறையே நம்பத்தகாதது என்று விட்டுவிடுகிறார்கள். வழி இது: நாளெண் 500ஐத் தாண்டினால் 500ஐக் கழி, 2000ஆம் ஆண்டை வைத்து டேட்சீரியலில் மாதம் 1, நாள் அந்த எண் என்று கொடு. 2000 நெட்டாண்டு, ஆகவே 129க்கு மே 8 சரியாக வரும். அந்த மாதத்தையும் நாளையும் எடுத்து உண்மையான பிறந்த ஆண்டுடன் சேர்த்துக்கொள். பொருந்தாதவற்றில், மாற்றினால் பொருந்துபவற்றை மட்டும் திருத்தவும். இரண்டிலும் பொருந்தாதது இலக்கத்தைத் தட்டியதில் பிழையாக இருக்கலாம், அதை வாடிக்கையாளரிடம் கேட்பதே முறை.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் வாங்கியிருந்தால் இன்னொரு குழி. அக்சஸில், வின்டோஸின் எல்லை 2029 ஆக உள்ள கணினிகளில் 30உம் அதற்கு மேற்பட்ட இரண்டிலக்கமும் 1900களுக்குப் போகும். எஸ்.க்யூ.எல். சேர்வர் என்ற தரவுத்தளத்தில் இயல்பு எல்லை 2049. '35' என்று பதிந்த முதியவர் ஒன்றில் 1935இல் பிறந்தவர், மற்றதில் 2035இல் பிறக்கப்போகிறவர். நான்கு இலக்கமில்லாமல் ஆண்டை ஏற்காதபடி படிவத்தை மாற்றுவதே தீர்வு.

வாசல்களை அடைப்பது

நிரலில் திகதியை ஒட்டி எழுதிய இடங்கள் எல்லாவற்றையும் # குறியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். முதல் தெரிவு, திகதி வகை என்று அறிவித்த பராமீற்றர் (மதிப்பைத் தனியே வாங்கும் இடம்) உள்ள குவெரி. மதிப்பு மதிப்பாகவே போகும், ஒழுங்கு என்ற கேள்வியே எழாது. அப்படி மாற்ற முடியாத இடத்தில் ஃபோர்மட் சார்பால் ஆண்டு-மாதம்-நாள் என்று, நான்கிலக்க ஆண்டும் இடைக்கோடுமாக எழுதி # குறிக்குள் வைக்கவும். சாய்கோட்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அதற்கு முன் பின்சாய்கோடு போட வேண்டும். ஃபோர்மட் சார்புக்குச் சாய்கோடு என்றால் 'இந்தக் கணினியின் திகதிப் பிரிப்பான்' என்று பொருள், புள்ளியைப் பிரிப்பானாக வைத்த கணினியில் அது புள்ளியாகிவிடும். மாதப் பெயரோடு எழுதி அனுப்புவதும் பாதுகாப்பல்ல. வின்டோஸ் ஒழுங்கைத் தமிழுக்கு மாற்றிய கணினியில் மாதப் பெயர் தமிழில் வரும், அதை மறுபக்கம் படிக்காது.

திரையில் காட்டுவதற்கு மட்டும் மாதப் பெயர் மிக நல்லது. 08/05 என்று தட்டிப் பெட்டியை விட்டு நகர்ந்தவுடன் '08-மே-2025' என்று மாறினால், பதிபவரின் கண்ணே பிழையைப் பிடிக்கும். எண்ணாகவே நின்றால் எவருக்கும் சந்தேகம் வராது. உள்ளீட்டு முகமூடி இதற்கு மாற்றல்ல. இரண்டு இலக்கம், சாய்கோடு, இரண்டு இலக்கம் என்று அது கட்டம் கட்டும், எது நாள் எது மாதம் என்று தீர்மானிப்பது அப்போதும் வின்டோஸ்தான்.

காசோலைத் திகதிக்கு ஒரு விதி அட்டவணையிலேயே வைத்தாயிற்று: பில் திகதிக்கு முந்தக் கூடாது, ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டு தட்டாமல் 08/05 என்று மட்டும் தட்டினால் அக்சஸ் நடப்பு ஆண்டைப் போட்டுக்கொள்ளும். டிசம்பரில் வாங்கும் காசோலைகளில் இது தவறாமல் நடக்கும், அடுத்த மே போன மே ஆகிவிடும். இந்த விதி அதை அங்கேயே நிறுத்துகிறது.

சி.எஸ்.வி. கோப்பை இனி எக்செல் தொடாமல் நேரே அக்சஸுக்குள் இறக்க வேண்டும். இறக்கும் வழிகாட்டியில் 'அட்வான்ஸ்ட்' பொத்தானுக்குள் திகதி ஒழுங்கு என்று ஒரு தெரிவு உண்டு. நாள்-மாதம்-ஆண்டு என்று வைத்து, நான்கிலக்க ஆண்டைக் குறித்து, அந்த விவரத்தைப் பெயரிட்டுச் சேமித்தால் அடுத்த முறை எந்தக் கணினியிலும் அதே ஒழுங்கு செல்லும். எக்செலில்தான் பார்க்க வேண்டுமென்றால் 'டேட்டா' பட்டியின் வழியாக எழுத்துக் கோப்பாகத் திறந்து, பவர் குவெரியில் திகதி நெடுவரிசைக்கு 'யூசிங் லொகேல்' தெரிவில் ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தைக் கொடுக்கவும்.

எஸ்.க்யூ.எல். சேர்வருக்கு மாற்றும்போது

தரவுப் பகுதி பிறகு எஸ்.க்யூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸுக்குப் போனது. அங்கே பிராந்தியம் என்பது வின்டோஸைப் பொறுத்ததல்ல, லொகினின் மொழியைப் பொறுத்தது. அமெரிக்க ஆங்கிலம் என்றால் மாதம் முதலில், 'பிரிட்டிஷ்' என்றால் நாள் முதலில். ஆகவே எல்லா லொகினையும் பிரிட்டிஷ் ஆக்கிவிடுவோம் என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய 'டேட்டைம்' வகைப் புலத்துக்கு '2025-05-08' என்று ஆண்டு முன்னால் வைத்துக் கொடுத்தாலும், பிரிட்டிஷ் லொகினில் அது ஆண்டு-நாள்-மாதம் என்று படிக்கப்பட்டு ஓகஸ்ட் 5 ஆகும். '2025-05-13' கொடுத்தால் எல்லை மீறியது என்று பிழை வரும். உலகப் பொது ஒழுங்கு என்று நம்பி எழுதியதே புரளும் இடம் இது.

புலத்தை 'டேட்' வகையாக வைத்தால் இடைக்கோட்டு வடிவம் எந்த மொழியிலும் ஒன்றுதான். இடைக்கோடே இல்லாத எட்டிலக்கம், '20250508', டேட்டைம் வகைக்கும் எந்த மொழியிலும் சரியாகவே செல்லும். அக்சஸிலிருந்து 'பாஸ்-த்ரூ' குவெரியாக (அக்சஸ் படிக்காமல் நேரே சேர்வருக்குப் போவதாக) அனுப்பும் எல்லாவற்றிலும் இந்த எட்டிலக்கத்தையே வைத்தோம். வெளியிலிருந்து நாள்/மாதம்/ஆண்டு எழுத்தாக வருவதை 'ட்ரை கன்வர்ட்' சார்பில் 103 என்ற பாணி எண்ணோடு மாற்றவும். பொருந்தாதது வெற்றாக வரும், அவற்றைத் தனி அட்டவணைக்குத் தள்ளிக் கையால் பார்க்கலாம். 103 அக்சஸைப் போல விட்டுக்கொடுக்காது, 05/13/2025ஐ மே 13 என்று எடுத்துக்கொள்ளாமல் மறுத்துவிடும். மறுப்பதுதான் நமக்கு வேண்டியது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே நன்மை உண்டு: அதன் 'டேட்ஸ்டைல்' மாதம் முதலில் என்றிருக்கும்போது 13/05/2025 கொடுத்தால் பிழை என்று நிறுத்திவிடும்.

அக்சஸ் முன்பகுதியை இணைக்கும்போது வின்டோஸோடு வரும் பழைய 'எஸ்.க்யூ.எல். சேர்வர்' ஓ.டி.பி.சி. டிரைவரை (தரவுத்தளத்தோடு இணைக்கும் மென்பொருளை) பயன்படுத்தினால், டேட் புலம் அக்சஸில் வெறும் எழுத்தாகத் தெரியும். வரிசைப்படுத்தல் எழுத்து வரிசையில் போகும், திகதித் தெரிவுப் பெட்டியும் வராது. ஓ.டி.பி.சி. டிரைவர் 17 அல்லது 18ஐ நான்கு கணினிகளிலும் நிறுவி மறுபடி இணைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டுப்போனால் அந்த மேசையில் மட்டும் மீண்டும் விநோதங்கள் தொடங்கும்.

தேடலில் 'இதிலிருந்து இதுவரை' என்று கொடுக்கும் இடத்தில், பில் நேரமும் சேர்ந்த புலமாக இருந்தால் கடைசி நாள் விடுபடும். மே 8 பிற்பகல் போட்ட பில், மே 8 என்ற எண்ணைவிடப் பெரியது. 'மே 8க்குச் சமம் அல்லது மேல், மே 9க்குக் கீழ்' என்று எழுதவும்.

இணையப் படிவமும் ஐந்தரை மணிநேரமும்

வெளியூர் விற்பனையாளர்கள் ஓடர் போடும் இணையப் பக்கமும் இதே தரவுத்தளத்துக்குள் எழுதுகிறது. உலாவியின் திகதித் தெரிவுப் பெட்டி பார்ப்பவரின் மொழிக்கேற்ப வெவ்வேறு ஒழுங்கில் காட்டினாலும், உள்ளே தரும் மதிப்பு எப்போதும் ஆண்டு-மாதம்-நாள். அதை அப்படியே சேர்வருக்கு அனுப்பினால் எந்தச் சிக்கலும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்து உள்ளூர் நள்ளிரவு நேரப் பொருளாக்கி, பிறகு ஐ.எஸ்.ஓ. எழுத்தாக்கி (யு.டி.சி. நேரத்தில் ஆண்டு முன்னால் வரும் வடிவம்) அனுப்பும்போதுதான் ஒரு நாள் பின்னே போகிறது. கொழும்பு நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். மே 8 நள்ளிரவு, யு.டி.சி.யில் மே 7 மாலை 18:30. முதல் பத்து எழுத்தை வெட்டியெடுத்தால் '2025-05-07'. நாளும் மாதமும் புரளவில்லை என்பதால் மேலே சொன்ன சோதனைகள் எதிலும் இது அகப்படாது. எல்லாத் திகதியும் சரியாக ஒரு நாள் குறைந்திருப்பதே அடையாளம்.

எல்லா நேரத்தையும் யு.டி.சி.யில் வைத்திருங்கள் என்ற பொதுவான அறிவுரை பதிவு நேரத்துக்குச் சரி. காசோலைத் திகதிக்கும் பிறந்த திகதிக்கும் சரியல்ல. அவை நேரப் புள்ளிகள் அல்ல, நாட்காட்டியின் நாட்கள். ரொறன்ரோவில் இருக்கும் பங்குதாரர் திறந்து பார்த்தாலும் மே 8 காசோலை மே 8 ஆகவே இருக்க வேண்டும். அவற்றை டேட் வகையில், நேரமே இல்லாமல் வைக்கவும்.

பழைய பதிவுகளை யு.டி.சி.க்கு மாற்றுபவர்கள் இலங்கை நேரம் எப்போதும் ஐந்தரை மணியாக இருக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1996 மே 25இல் அது ஆறரை மணியாயிற்று, அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் ஆறு மணியாயிற்று, 2006 ஏப்ரல் 15இல்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. 2003 மே 8 நள்ளிரவை 'ஏசியா/கொழும்பு' என்ற நேர வலயப் பெயரால் யு.டி.சி.க்கு மாற்றினால் மே 7 மாலை 18:00 வரும். அதை வேறொரு நிரல் நிலையாக ஐந்தரை மணி கூட்டித் திருப்பினால் மே 7 இரவு 23:30. போவதும் வருவதும் வலயப் பெயராலேயே நடக்க வேண்டும், எண்ணைக் கையால் கூட்டுவது ஆகாது.

புதிய கணினி வந்தால்

'ரீஜன்' அமைப்பை மாற்றியதும் அதே சாளரத்தின் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' தாவலுக்குப் போய், அமைப்பை வரவேற்புத் திரைக்கும் புதிய பயனர் கணக்குகளுக்கும் நகலெடுக்கும் இரண்டு கட்டங்களையும் குறிக்கவும். இதை விட்டால், பின்னால் உருவாக்கும் ஒவ்வொரு லொகினும் மறுபடி அமெரிக்க ஒழுங்கில் பிறக்கும். இரவில் தானாக ஓடும் இறக்குமதி வேலை, பயனர் கணக்கில் அல்லாமல் சிஸ்டம் கணக்கில் ஓடினால், அது படிப்பதும் நீங்கள் திரையில் மாற்றிய அமைப்பை அல்ல. அந்த வேலை இறக்கிய முதல் கோப்பில் 12க்கு உட்பட்ட திகதியுள்ள ஒரு வரியை எடுத்து, அதன் உள் எண்ணை மூலக் கோப்போடு ஒப்பிட்ட பிறகே அதைத் தொடர்ந்து ஓட விடவும்.